ஹெட்செட் நம் வீடுகளுக்கு வருமா? கிருஷ்ணகிரி மொபைல் கடைக்காரருக்கு ஒரு பதில்

கேள்வி: கிருஷ்ணகிரியில் மொபைல் கடை வைத்திருக்கிறேன். மிக்ஸட் ரியாலிட்டி ஹெட்செட் பற்றிக் காலேஜ் பசங்க அடிக்கடி விசாரிக்கிறார்கள். நம் பக்கத்துச் சாதாரண ஜனங்களும் இதை வாங்கும் காலம் வருமா? நாலைந்து வாங்கிக் கடையில் வைத்தால் விற்குமா?

பதில்: விற்பதற்காக வாங்கி வைக்காதீர்கள். ஒன்றோ இரண்டோ வாங்கி, வருகிறவர்களுக்கு மாட்டிக் காட்டி அதற்குக் கட்டணம் வாங்குவதாக இருந்தால் யோசிக்கலாம். ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். நீங்கள் போடப்போவது சொந்தக் காசு.

நான் தர்மபுரி மாவட்டம் பென்னாகரம் பக்கத்துக்காரன். ஒசூரில் தொழிற்சாலைகளுக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பது என் வேலை. சில வருடங்களாக அந்தப் பயிற்சியில் ஹெட்செட்டும் ஒரு பகுதி. ஒவ்வொரு வாரமும் யாராவது ஒருவர் முதல்முறையாக அதை மாட்டிக்கொண்டு வாயைப் பிளப்பதைப் பார்க்கிறேன். எனக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மேல் உண்மையிலேயே ஆசை உண்டு. எனக்கென்று ஒரு க்வெஸ்ட் 3 வைத்திருக்கிறேன், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டா நிறுவனத்தின் ஹெட்செட், அமெரிக்காவிலிருந்து வந்த நண்பர் வாங்கி வந்தது. ஆகவே, வேண்டாத ஆள் சொல்கிறான் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

பெயரைப் பற்றி ஒரு வார்த்தை. மிக்ஸட் ரியாலிட்டி என்பதற்கு ஒரு வரையறை கொடுத்துப் பரவலாக்கியது 1994ல் பால் மில்கிராம், ஃபுமியோ கிஷினோ என்ற இருவர் எழுதிய ஆய்வுக் கட்டுரை. நிஜ உலகம் ஒரு முனை, முழுக்கக் கணினி உண்டாக்கிய உலகம் மறுமுனை என்று வைத்தால், நடுவில் இரண்டும் கலந்து கிடக்கும் பகுதிக்குத்தான் அந்தப் பெயர். உங்கள் கடை மேஜை மேஜையாகவே தெரியும். அதன்மேல் இல்லாத ஒரு இஞ்சின் சுற்றிக்கொண்டிருக்கும். நீங்கள் நடந்துபோய்ப் பின்பக்கத்திலிருந்தும் அதைப் பார்க்கலாம். இப்போது சந்தையில் இருக்கும் பெரும்பாலான ஹெட்செட்டுகள் இதை ஒரு சுற்றுவழியில் செய்கின்றன. உங்கள் கண்ணை முழுக்க மூடிவிட்டு, முன்பக்கக் கேமராக்கள் வெளி உலகைப் படம் பிடித்து, உள்ளே கண்ணுக்கு முன்னால் இருக்கும் இரண்டு சின்னத் திரைகளில் உடனுக்குடன் காட்டுகின்றன. ஆப்பிளின் விஷன் ப்ரோ ஹெட்செட்டில் கேமரா பார்த்தது கண்ணுக்கு வந்து சேர 12 மில்லி விநாடிதான் ஆகும் என்று அந்த நிறுவனம் சொல்கிறது. கண் இமைப்பதற்கே அதைப்போலப் பல மடங்கு நேரம் ஆகும். பொறியியலாக இது பெரிய சாதனை, சந்தேகமே இல்லை.

சரி, சாதனைக்கும் சந்தைக்கும் வருவோம்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது என் ஹெட்செட்டையும் எடுத்துப் போனேன். நாலு நாள் விடுமுறை. வீட்டுக்காரர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள், மாடு பார்க்க வந்தவர்கள், கரும்பு கொடுக்க வந்தவர்கள் என்று முப்பது பேருக்கு மேல் மாட்டிப் பார்த்தார்கள். முதல்முறை போட்டவர்களில் ஆச்சரியப்படாதவர் ஒருவரும் கிடையாது. கையை நீட்டி இல்லாத பொருளைத் தொட்டுப் பார்த்தார்கள். ஒரு பாட்டி தரையில் மீன் ஓடுகிறது என்று காலைத் தூக்கிக்கொண்டார். அந்த நாலு நாளில் நீங்கள் என்னிடம் கேட்டிருந்தால், ஊரே வாங்கும் என்று சொல்லியிருப்பேன்.

அப்புறம் ஒன்றைக் கவனித்தேன். இரண்டாவது தடவை கேட்டு வந்தவர்கள் ஐந்தாறு பேர்தான். அவர்களிலும் பாதிப்பேர் சின்னப் பிள்ளைகள். நான் விடுமுறையை நீட்டித்துப் பத்து நாள் இருந்தேன். இரண்டாவது வாரத்தில் கேட்டு வந்தவன் ஒரே ஒருவன். அவனைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். அன்றிலிருந்து எந்தப் புதுச் சாதனத்தைப் பார்த்தாலும், முதல்முறை மாட்டியவர் என்ன சொன்னார் என்பதை நான் கணக்கில் எடுப்பதில்லை. மறுபடி கேட்டாரா என்றுதான் பார்க்கிறேன்.

ஏன் மறுபடி கேட்கவில்லை? ஒவ்வொருவரிடமும் உட்கார்ந்து பேசினேன். நிறுவனங்கள் நடத்தும் கருத்துக் கேட்பைவிட எனக்கு அது அதிகம் சொல்லிக் கொடுத்தது.

என் பெரியப்பா பாரதக் கூத்தில் பல வருடம் துரியோதனன் வேஷம் கட்டியவர். எங்கள் பக்கத்தில் திரௌபதி அம்மன் திருவிழாவென்றால் பாரதம் நடக்கும், கடைசியில் படுகளம். விடிய விடிய ஊர் முழுக்க உட்கார்ந்திருக்கும். அவருக்குப் பிடிக்கும் என்று, மேடைக்கு நடுவிலேயே நிற்கிற மாதிரி 360 டிகிரியில் எடுத்த ஒரு நாட்டிய நிகழ்ச்சியைப் போட்டுக் காட்டினேன். இரண்டு நிமிடம் பார்த்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழற்றிக் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் இருக்குது. ஆனா பக்கத்துல யாருமே இல்லையேடா, இதை யாருகிட்ட சொல்றது?" என்றார். கூத்துப் பார்க்க உட்கார்ந்தவன் பக்கத்து ஆளிடம் வெற்றிலை வாங்கிப் போடுவான், நடுவில் தூங்குவான், அர்ச்சுனன் தபசு மரம் ஏறும்போது யாராவது தட்டி எழுப்பிவிடுவார்கள். பார்ப்பது என்றால் அவருக்கு அது எல்லாம் சேர்ந்ததுதான். நம் ஊரில் டிவிகூட அப்படித்தான் வந்தது. பஞ்சாயத்து டிவி முன்னால் ஒரு தெருவே உட்கார்ந்தது. இன்றைக்கும் ஒரு போனில் நாலு பேர் தலையை நுழைத்து வீடியோ பார்ப்பதைத் தினமும் உங்கள் கடையிலேயே பார்ப்பீர்கள். ஹெட்செட்டில் அதற்கு இடமே இல்லை. மாட்டியவர் ஓர் உலகத்தில் இருப்பார், மற்றவர்கள் அவர் முகத்தை மூடிய பெட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

என் அம்மா சொன்னது இன்னும் கூர்மையாக இருந்தது. முதலில் வெறும் பாஸ்த்ரூவை மட்டும் காட்டினேன், அதாவது கேமரா வழியாக வீட்டையே பார்ப்பது. அம்மா சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இது நம்ம வீடுதானே, இதைப் பாக்குறதுக்கு எதுக்குடா இந்தப் பெட்டி?" என்று கேட்டார். இந்தத் துறையில் இத்தனை வருடமாகப் பேசப்படும் எல்லாக் கேள்விகளுக்கும் அடியில் கிடக்கும் கேள்வி அதுதான். வெறும் கண்ணால் தெளிவாகத் தெரியும் அடுப்பங்கரையை, அதைவிடக் கொஞ்சம் மங்கலாக, சாயங்காலமானால் புள்ளி புள்ளியாகக் காட்டுவதற்கு ஒரு விலை கேட்கிறோம். மேலே மிதக்கும் அந்தக் கூடுதல் பொருள் அவ்வளவு வேண்டியதாக இருந்தால்தான் ஒருவர் அந்த விலையைக் கொடுப்பார். அம்மாவுக்கு அப்படி ஒன்றை என்னால் காட்ட முடியவில்லை.

அண்ணி போட்டதும் வேறொரு பிரச்சினை தெரிந்தது. பட்டை தலைக்குப் பின்னால் சுற்றி வந்து பின்மண்டைக்குக் கீழே உட்கார வேண்டும். அந்த இடத்தில்தான் அண்ணிக்குப் பின்னலும் பூவும். பட்டை உட்காரவே இல்லை, முன்பக்கம் மூக்கில் சரிந்துகொண்டே இருந்தது. கழற்றும்போது குங்குமம் நுரைத்திண்டில் ஒட்டிக்கொண்டது. அடுத்தவர் போடத் தயங்கினார். இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஆனால் ஒரு வீட்டில் ஒரு பொருள் நிலைக்குமா என்பதைப் பெண்கள்தான் தீர்மானிக்கிறார்கள். தலை நிறையப் பூ வைத்த தலையை மனதில் வைத்து யாரும் இதை வடிவமைக்கவில்லை என்பது அன்றைக்கு எனக்கு உறைத்தது.

எடையைப் பற்றிக் கேட்பீர்கள். க்வெஸ்ட் 3 ஏறக்குறைய 515 கிராம். விஷன் ப்ரோ முதலில் வந்தபோது 600 முதல் 650 கிராம், அதுவும் பேட்டரியைத் தனியாக ஒயரில் தொங்கவிட்டுச் சட்டைப்பையில் வைத்த பிறகு. 2025 அக்டோபரில் வந்த சாம்சங் கேலக்ஸி எக்ஸ்ஆர் 545 கிராம், அதற்கும் பேட்டரி தனி. பைக் ஹெல்மெட் இதைவிடக் கனம்தானே என்று வாதிடுவார்கள். ஹெல்மெட்டின் எடை தலையைச் சுற்றிப் பரவி இருக்கிறது, ஹெட்செட்டின் எடையில் பெரும்பகுதி கன்னத்துக்கும் நெற்றிக்கும் முன்னால் தொங்குகிறது. கழுத்து அதைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். அதைவிட முக்கியமாக இதை யோசித்துப் பாருங்கள். தொப்பூர் கணவாயில் எத்தனை விபத்துகள் நடந்திருக்கின்றன என்று நம் இரண்டு மாவட்டக்காரர்களுக்கும் தெரியும். சட்டமும் இருக்கிறது, அபராதமும் இருக்கிறது. அப்படியும் ஹெல்மெட்டைப் பெட்ரோல் டேங்க் மேல் வைத்துக்கொண்டு போகிறவர்களைத் தினமும் பார்க்கிறோம். வியர்க்கிறது, காது அடைக்கிறது, முடி கலைகிறது என்று சொல்கிறார்கள். உயிரைக் காக்கும் பொருளுக்கே தலை இவ்வளவு முரண்டு பிடிக்கிறது என்றால், பொழுதுபோக்குக்காக அரைக் கிலோவைச் சித்திரை வெயிலில் யார் தினமும் மாட்டுவார்கள்?

கண்ணுக்கும் ஒரு சங்கடம் உண்டு, அதைக் கொஞ்சம் பொறுமையாகப் புரிந்துகொள்வது நல்லது. நாம் ஒரு பொருளைப் பார்க்கும்போது கண் இரண்டு வேலை செய்கிறது. இரண்டு கண்ணும் அந்தப் பொருளை நோக்கித் திரும்புகின்றன, அதே தூரத்துக்குக் கண்ணின் லென்ஸும் குவிகிறது. பிறந்ததிலிருந்து இரண்டும் சேர்ந்தே நடந்து பழகிவிட்டது. ஹெட்செட்டில் லென்ஸ் குவிய வேண்டிய தூரம் ஒன்றுதான், பொதுவாக ஒன்றிலிருந்து இரண்டு மீட்டர். ஆனால் காட்டப்படும் பொருள் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும், அடுத்த நொடி மலைக்கு அப்பால் இருக்கும். கண்கள் திரும்பும் தூரம் மாறிக்கொண்டே இருக்க, குவியும் தூரம் மாறாமல் நிற்கிறது. அரை மணி நேரத்தில் சிலருக்குக் கண் கனக்கும், சிலருக்குத் தலை வலிக்கும். இதோடு, கண் நகர்வதாகச் சொல்ல, உடம்பின் சமநிலையைக் கவனிக்கும் உள்காது உட்கார்ந்திருப்பதாகச் சொல்ல, வயிற்றைப் புரட்டுவது தனி. பாஸ்த்ரூவில் புரட்டல் குறைவு, சுற்றி இருக்கும் நிஜ வீடு கூடவே தெரிவதால். வெளி உலகமே தெரியாத முழு வி.ஆர். (விர்ச்சுவல் ரியாலிட்டி) ஆட்டங்களில் அதிகம். கொல்லிமலைக் கொண்டை ஊசி வளைவில் வாந்தி எடுக்கிறவர்களுக்கு இதிலும் கஷ்டம்தான் என்பது என் அனுபவம்.

விலையைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன், ஏனென்றால் விலையை நான் பெரிய தடையாகவே நினைக்கவில்லை. 2024 பிப்ரவரி 2ல் அமெரிக்காவில் விற்பனைக்கு வந்த விஷன் ப்ரோ 3,499 டாலர், அன்றைய கணக்கில் மூன்று லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. 2023 அக்டோபரில் வந்த க்வெஸ்ட் 3 முதல் விலை 499 டாலர். அடுத்த வருடம் வந்த க்வெஸ்ட் 3எஸ் 299 டாலர், அதாவது சுமார் 25,000 ரூபாய். நீங்கள் தினமும் அதைவிட விலை கூடிய போன்களைத் தவணையில் விற்கிறீர்கள். ஆசைப்பட்டால் நம் ஜனங்கள் எப்படியாவது புரட்டி வாங்கிவிடுவார்கள்.

பணத்தைக் கொட்டினால் நடந்துவிடும் என்பதும் இல்லை. 2014ல் ஃபேஸ்புக் ஏறக்குறைய 200 கோடி டாலர் கொடுத்து ஹெட்செட் செய்யும் ஆக்குலஸ் நிறுவனத்தை வாங்கியது. இன்று மெட்டாவில் அந்த வேலையைச் செய்யும் ரியாலிட்டி லேப்ஸ் பிரிவு 2022ல் 1,370 கோடி டாலர், 2023ல் 1,610 கோடி, 2024ல் 1,770 கோடி என்று நஷ்டம் காட்டியது. மைக்ரோசாஃப்ட் 2016ல் 3,000 டாலருக்கு ஹோலோலென்ஸ் என்ற ஹெட்செட்டைக் கொண்டுவந்தது, 2019ல் இரண்டாவது வடிவம் வந்தது, 2024ல் அதன் உற்பத்தியையே நிறுத்திவிட்டது. இவர்களிடம் மூளையும் இருந்தது, காசும் இருந்தது. அம்மா கேட்ட கேள்விக்குப் பதில்தான் இருக்கவில்லை.

செல்போனும் ஆரம்பத்தில் இப்படித்தானே இருந்தது என்று கடைக்கு வரும் பசங்க சொல்வார்கள். நியாயமான கேள்வி, நானும் இதை வெகுநாள் யோசித்தேன். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31ல் நடந்தது. பேசுவதற்கும் காசு, நமக்கு வரும் அழைப்பை எடுப்பதற்கும் காசு. 2003ல்தான் உள்வரும் அழைப்பு இலவசமானது, அதற்குப் பிறகுதான் செல்போன் கிராமங்களுக்குள் வேகமாக இறங்கியது. ஆனால் அதற்கு முன்பே ஜனங்கள் அதற்குக் காத்திருந்தார்கள். என் அப்பா பெங்களூரில் கட்டட வேலைக்குப் போனவர். நம் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தில் பாதி வீடுகளின் கதை அதுதான். அவர் எங்களோடு பேச வேண்டுமென்றால் ஊரில் போன் இருந்த ஒரே மளிகைக் கடைக்கு அழைப்பார், கடைக்காரர் பையனை அனுப்பிக் கூப்பிடுவார், அம்மா வயலிலிருந்து ஓடிவருவார், அதற்குள் அப்பா மறுபடி அழைப்பார். அந்த ஓட்டத்தைச் செல்போன் ஒரே நாளில் நிறுத்தியது. ஹெட்செட் நம் வீடுகளில் எந்த ஓட்டத்தை நிறுத்துகிறது என்று நான் தேடிப் பார்த்துவிட்டேன். எனக்குக் கிடைக்கவில்லை. செய்தி, பாட்டு, படம், வீடியோ கால், பணம் அனுப்புவது என்று எல்லாவற்றையும் போனே செய்துவிடுகிறது. அதுவும் ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையால் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டே.

இதற்குப் பொருத்தமான பழைய உதாரணம் செல்போன் கிடையாது, 3டி டிவிதான் என்பது என் எண்ணம். 2010 வாக்கில் எல்லா டிவி நிறுவனங்களும் அடுத்தது 3டிதான் என்று சொல்லி விற்றன. 2017க்குள் எல்ஜி, சோனி உட்பட எல்லோரும் அதைக் கைவிட்டார்கள். வீட்டில் சோபாவில் சாய்ந்துகொண்டு, நடுவில் எழுந்துபோய்ப் பால் காய்ச்சிவிட்டு வந்து டிவி பார்ப்பவர்கள் கண்ணாடி மாட்டிக்கொண்டு உட்காரத் தயாராக இல்லை. ஆனால் அதே 3டி தியேட்டரில் இன்றும் ஓடுகிறது. 1984ல் மலையாளத்தில் எடுக்கப்பட்ட இந்தியாவின் முதல் 3டி படம் தமிழிலும் வந்தபோது, சேலம் போய் அதைப் பார்த்ததை என் அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட் வாங்கி, இரண்டு மணி நேரத்துக்கென்று போய் உட்காரும் இடத்தில் கண்ணாடி மாட்டிக்கொள்ள யாரும் சலிப்பதில்லை. ஹெட்செட்டும் இப்படித்தான் வரும் என்று நம்புகிறேன். ராட்டினம் மாதிரி, எக்ஸ்ரே எடுக்கும் இடம் மாதிரி, வெல்டிங் பட்டறை மாதிரி ஊரில் ஓர் இடத்தில் அது இருக்கும், தேவைப்படும்போது நாம் அதனிடம் போவோம்.

இப்போது அந்த ஒருவனைப் பற்றிச் சொல்கிறேன். என் அக்கா மகன் ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவில் படிக்கிறான். என் ஹெட்செட்டில் வெல்டிங் பழகும் ஒரு செயலி இருந்தது. டார்ச்சை எவ்வளவு சாய்த்துப் பிடிக்கிறோம், எவ்வளவு தூரத்தில் பிடிக்கிறோம், எந்த வேகத்தில் நகர்த்துகிறோம் என்று பார்த்து, இரும்பை ஒட்டவைத்த தையல் எங்கே தடித்தது, எங்கே ஓட்டை விழுந்தது என்று உடனே காட்டும். அவன் தினமும் வந்தான். கண் வலிக்கிறது என்று கழற்றிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு மறுபடி மாட்டினான். நான் ஏன் என்று கேட்டபோது, "மாமா, பட்டறையில எங்களுக்கு ஒரு நாளைக்கு இத்தனை ராடுதான் குடுப்பாங்க. கெடுத்துட்டா அவ்வளவுதான். இதுல எத்தனை தடவை கெடுத்தாலும் யாரும் திட்ட மாட்டாங்க" என்றான். அவனுக்கு எடை தெரியவில்லை, வியர்வை தெரியவில்லை. அவன் கையில் ஏற வேண்டிய ஒரு தொழில் அதில் இருந்தது. நிஜ இரும்பின் சூடும் புகையும் அதில் வராது, ஆகவே பட்டறைக்கு அது ஈடாகாது. ஆனால் பட்டறைக்குள் போகும் முன்பே கை தயாராகிவிடுகிறது. எங்கள் பயிற்சியிலும் இதையே பார்க்கிறேன். ஆபத்தான இடம், விலை கூடிய பொருள், திரும்பத் திரும்பச் செய்தால் மட்டுமே வரும் வேலை, இந்த மூன்றும் எங்கே சேர்கிறதோ அங்கே ஹெட்செட்டை யாரும் வற்புறுத்தி மாட்டிவிட வேண்டியதில்லை.

இந்தக் கலப்புத் தொழில்நுட்பத்தின் ஒரு முக்கிய வேர் தொழிற்சாலையில் இருக்கிறது. தலையில் மாட்டும் முதல் கணினித் திரைகளில் ஒன்றை 1968ல் ஐவன் சதர்லேண்ட் என்ற கணினி விஞ்ஞானி செய்தார், கூரையிலிருந்து தொங்கவிட வேண்டிய அளவுக்கு அதற்குக் கருவிகள். 1990களின் தொடக்கத்தில் போயிங் நிறுவனத்தில் டாம் காடல், டேவிட் மைசல் என்ற இருவர், விமானத்துக்குள் போகும் ஒயர்க் கட்டுகளை அடுக்கும் தொழிலாளி எந்த ஒயர் எந்த வழியில் போக வேண்டும் என்பதைக் கண்ணுக்கு முன்னாலேயே பார்க்கட்டும் என்று யோசித்தார்கள். நிஜத்தின் மேல் கணினிப் படத்தைச் சேர்த்துக் காட்டும் ஆக்மென்டட் ரியாலிட்டி என்ற பெயரே அங்கிருந்து வந்தது. இன்று போச்சம்பள்ளியில் மின்சார ஸ்கூட்டர் செய்கிறார்கள், ஒசூரில் பைக்கும் லாரியும் செய்கிறார்கள், சூளகிரிப் பக்கம் எலக்ட்ரானிக்ஸ் வேலைக்குப் பஸ் பஸ்ஸாகப் பெண்கள் போகிறார்கள். அந்த ஒயர்க் கட்டு நம் ஊர்ப் பிள்ளைகளின் கையில்தான் இருக்கிறது. நம் மாவட்டங்களில் ஹெட்செட்டை அதிக நேரம் மாட்டப்போகிறவர்கள் அவர்களாகத்தான் இருப்பார்கள் என்று உறுதியாக நினைக்கிறேன். ஆனால் அதை அவர்கள் வாங்க மாட்டார்கள், கம்பெனி வாங்கும். அந்த ஆர்டர் உங்கள் கடைக்கு வராது.

மருத்துவத்திலும் இடம் உண்டு. தீக்காயத்துக்குக் கட்டு மாற்றும்போது வரும் வலியிலிருந்து மனதை விலக்க, கணினி உண்டாக்கிய உலகத்துக்குள் நோயாளியை அழைத்துப்போகும் முயற்சியை அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹன்டர் ஹாஃப்மேன் 1990களிலேயே தொடங்கினார். 2021ல் நாள்பட்ட கீழ்முதுகு வலிக்கு உதவும் ஒரு வி.ஆர். முறைக்கு அந்த நாட்டு அரசு அனுமதி கொடுத்தது. நம் பக்கத்து அரசு மருத்துவமனைத் தீக்காயப் பிரிவுகளில் இது ஒருநாள் வர வேண்டும் என்பது என் தனிப்பட்ட ஆசை. அப்புறம் மல்லச்சந்திரம் மலைமேல் பழங்காலத்தவர் பெரிய கற்களால் அமைத்த கல்திட்டைகளுக்குப் பள்ளிப் பிள்ளைகளைக் கூட்டிப்போய், அங்கே நிற்க வைத்தே, அந்தக் கல்லை எப்படித் தூக்கி நிறுத்தியிருப்பார்கள் என்று காட்ட முடிந்தால் எப்படி இருக்கும்! உங்கள் மாவட்டத்து மயிலாடும்பாறையில் அகழாய்வில் கிடைத்த இரும்பின் காலம் நாலாயிரம் வருடத்துக்கு முந்தையது என்று 2022ல் அறிவித்தார்கள். அங்கே போனால் இன்று பார்க்க இருப்பது மண்ணும் பாறையும்தான். கலந்து காட்டும் கண்ணாடிக்கு அதைவிடப் பொருத்தமான இடம் வேறு எது?

முகத்தில் மாட்டுவதில் நம் ஜனங்கள் ஏற்கெனவே ஏற்றுக்கொண்டது ஒன்றுதான், மூக்குக் கண்ணாடி. அதனால்தான் ஹெட்செட்டைவிடக் கண்ணாடி வடிவில் வருபவற்றை நான் கூர்ந்து கவனிக்கிறேன். 2025 மே மாதம் ரே-பான் மெட்டா கண்ணாடி இந்தியாவில் 29,900 ரூபாயில் தொடங்கி விற்பனைக்கு வந்தது. அதில் திரை கிடையாது, ஆகவே இதை மிக்ஸட் ரியாலிட்டி என்று சொல்ல முடியாது. கேமரா, ஸ்பீக்கர், மைக், அவ்வளவுதான். ஆனால் சுமார் 50 கிராம்தான், மாட்டியது தெரியாது. திரையும் இதே எடைக்குள் அடங்கி, நம் பவரும் அதிலேயே போட்டுக்கொள்ள முடிந்து, தமிழில் பேசினால் புரிந்துகொள்ளும் நாள் வந்தால், அதை உங்களைப் போன்ற மொபைல் கடைக்காரர் இல்லை, மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர்தான் விற்பார் என்று நினைக்கிறேன். ஒரே ஒரு பயம் உண்டு. எதிரில் நிற்பவரின் கண்ணாடியில் கேமரா இருப்பது பஸ் ஸ்டாண்டில் நிற்கும் ஒரு பெண்ணுக்குத் தெரியாது. படம் எடுக்கும்போது ஒரு சின்ன விளக்கு எரியும் என்கிறார்கள், பட்டப்பகலில் அதை யார் கவனிப்பார்கள்? இதை நம் ஊர்கள் எப்படி ஏற்கும் என்று எனக்கு உண்மையிலேயே கவலையாக இருக்கிறது. ஹெட்செட்டிலும் கேமராக்கள் வீட்டு அறையின் சுவர், கட்டில், பீரோ எல்லாவற்றையும் அளந்துதான் வேலை செய்கின்றன. யார் வீட்டில் மாட்டினாலும் இதைச் சொல்லிவிட்டு மாட்டுங்கள்.

இனி உங்கள் கடை. ஒகேனக்கல்லில் வைக்கலாமா என்று யோசனை வரலாம், தண்ணீர் அதிகம் வந்து பரிசல் நிறுத்தும் நாட்களில் கூட்டம் சும்மா நிற்கும் என்று. அது வேண்டாம் என்பேன். அருவிக்கு வந்தவருக்குச் சத்தம் கேட்க வேண்டும், சாரல் படவேண்டும், மீன் வறுவல் வேண்டும். அதற்குப் பதில் கிருஷ்ணகிரி மாங்கனிக் கண்காட்சி சரியான இடம். அங்கே வருபவர்கள் ராட்டினத்துக்கும் மரணக்கிணற்றுக்கும் டிக்கெட் எடுக்கும் மனநிலையில் வருகிறார்கள், ஐந்து நிமிட ஆச்சரியத்துக்குக் காசு கொடுப்பார்கள். நான் மேலே சொன்ன முதல்முறை ஆச்சரியம் முழுக்க அங்கே உங்களுக்கு வருமானம். ஆனால் அது கண்காட்சி நாட்களோடு முடிந்துவிடும். வருடம் முழுக்க ஓட வேண்டுமென்றால் ஐ.டி.ஐ., பாலிடெக்னிக் பக்கம் போய்ப் பேசுங்கள். வாரம் இரண்டு நாள் ஹெட்செட்டோடு வந்து வெல்டிங், பெயின்டிங், பேனல் ஒயரிங் பழக்குகிறேன் என்று கேட்டுப் பாருங்கள்.

வாங்குவதாக இருந்தால் சில விஷயங்கள். இரண்டு வாங்குங்கள், ஒன்று சார்ஜில் இருக்கும்போது மற்றொன்று ஓடட்டும், முழு சார்ஜ் இரண்டு மணி நேரம்தான் தாங்கும். வெளிநாட்டிலிருந்து வரவழைத்து விற்பவர்களிடம் வாங்கினால், பழுதானால் யார் பொறுப்பு என்று எழுதி வாங்குங்கள். எனக்கு வலது கைக் கன்ட்ரோலர் ஆறாவது மாதமே கெட்டது, கேட்பதற்கு இங்கே ஆளே இல்லை. நுரைத்திண்டுக்குப் பதில் துடைக்கக்கூடிய சிலிகான் உறை போடுங்கள், ஒவ்வொருவருக்கும் புதுத் துணி முகமூடி கொடுங்கள். கண் நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு ஒட்டினால் கடைப் பெயரே கெட்டுவிடும். மெட்டா பத்து வயதுக்குக் கீழ் வேண்டாம் என்கிறது, ஆப்பிள் பதின்மூன்று என்கிறது. திருவிழாக் கூட்டத்தில் அப்பா அம்மா கெஞ்சினாலும் சின்னப் பிள்ளைகளுக்கு மாட்டாதீர்கள். பெரியவர்களை உட்கார வைத்தே காட்டுங்கள், நிற்க வைத்தால் சாய்வார்கள். வலிப்பு வருகிறவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் வேண்டாம். பெண்களுக்குக் காட்ட, தலைக்கு மேலே குறுக்காகப் போகும் பட்டை இருக்கும் மாடலைத் தேடுங்கள், பின்னலும் பூவும் தப்பிக்கும்.

காசு போடுவதற்கு முன் ஒசூருக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். என்னுடையதைப் பதினைந்து நாள் கொடுக்கிறேன். கடையில் ஒரு நாற்காலி போட்டு, வருகிறவர்களுக்கு இலவசமாகக் காட்டுங்கள். ஒரு நோட்டில் பெயரை எழுதி வையுங்கள். அதே பெயர் இரண்டாவது தடவை எழுதப்படும்போது, அவர் எதைப் பார்க்கத் திரும்ப வந்தார் என்று பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.